ஆங்கில ‘தேர்ட்’ போலிஷுக்குப் போனால் எந்த ‘தேர்ட்’?

4 மார்ச் 2024 – வாசகர் கேள்வி

எங்கள் குழு ஓர் ஆங்கிலக் கணக்குச் செயலியைப் போலிஷுக்குக் கொண்டுபோகிறது. ஹாஃப், தேர்ட், குவார்ட்டர், ஃபர்ஸ்ட், செகண்ட், ரேங்க், ஈக்வல் மாதிரி சொற்கள்தான் அதிகம். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் போலிஷ் என்று ஓர் அட்டவணை போட்டால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை என்பது என் எண்ணம். எண்ணுக்கு ஏது மொழி? மொழிபெயர்ப்பாளரோ ஒவ்வொரு வரிக்கும் ‘இது எங்கே வருகிறது, எதைப் பற்றியது’ என்று கேட்டு அனுப்புகிறார். வேலையை இழுத்தடிக்கிறாரா, இல்லை உண்மையிலேயே கேட்க வேண்டியதுதானா?

4 மார்ச், இரவு

இழுத்தடிக்கவில்லை. கேள்வியே கேட்காமல் நிரப்பிக் கொடுத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் போலந்தின் கிராக்கோ நகரில் இதே வேலையில் இருக்கிறேன். பள்ளிக் கணக்குப் பாடங்கள் ஆங்கிலத்தில் வரும், போலிஷில் போகும். போலிஷ் எனக்குத் தாய்மொழி இல்லை, இங்கே வந்து கற்றது. அதனால் கடைசியாகப் பார்த்து ஒப்புதல் தருபவர் எப்போதும் போலிஷ்காரர்.

‘தேர்ட்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேக்கில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ‘யெத்னா ட்ஷெச்சா’. மே மூன்றாம் தேதி என்றால் ‘ட்ஷெச்சி மாயா’. பந்தயத்தில் மூன்றாம் இடம் என்றால் ‘ட்ஷெச்சே மியெய்ஸ்ட்சே’. சா, சி, சே என்று ஒரே சொல்லுக்கு மூன்று வால். காரணம், போலிஷில் எண்ணுப்பெயருக்கும் பால் உண்டு. பங்கு பெண்பால், நாள் ஆண்பால், இடம் ஒன்றன்பால். வேடிக்கை என்னவென்றால் ‘பங்கு’ என்ற சொல்லையோ ‘நாள்’ என்ற சொல்லையோ யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது மறைந்து நிற்கும். மறைந்து நிற்பதற்குத்தான் வால் கட்டுப்படும்.

உங்கள் அட்டவணையில் ‘தேர்ட்’ என்று ஒரு வரி இருக்கிறது. வலப்பக்கம் எதை எழுதுவீர்கள்? மொழிபெயர்ப்பாளர் கேட்பது அதைத்தான்.

தமிழில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று உறைக்காது. நமக்கு மூன்றில் ஒன்று வேறு, மூன்றாவது வேறு. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. போலிஷும் ஒரே வேரில்தான் வைத்திருக்கிறது, ஆனால் வாலைப் பார்த்தால் எதன் மூன்று என்று தெரிந்துவிடும்.

5 மார்ச், காலை

ஒரு துண்டுக் குறிப்பு. மே 3 இங்கே தேசிய விடுமுறை, 1791 அரசியலமைப்பின் நினைவு நாள். போலிஷ்காரர்களே அதை ‘ட்ஷெச்சி மாய்’ என்று சொல்லி ஆசிரியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அப்படிச் சொன்னால் ‘மூன்றாவது மே’ என்று பொருள், மே மாதங்கள் வரிசையில் நிற்பது போல. மே மாதத்தின் மூன்றாம் நாள் என்றால் ‘மாயா’ என்று ஆறாம் வேற்றுமை வேண்டும். மறைந்த ‘நாள்’ இங்கேயும் வேலை செய்கிறது. பிறந்து வளர்ந்தவர்களுக்கே இப்படி வழுக்கும் இடத்தில் அட்டவணை எம்மாத்திரம்.

5 மார்ச், இரவு

‘ஹாஃப்’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இதுதான் பெரிய சிக்கல்.

‘புவ்’ என்றால் அரை. ஆப்பிளில் பாதி, அரை லிட்டர், அரை மணி நேரம் எல்லாம் இதில் வரும். ‘பொவோவா’ என்றால் பாதி, அதாவது ஒரு கூட்டத்தின் அல்லது ஒரு முழுமையின் பாதி: பிள்ளைகளில் பாதிப்பேர், ஆட்டத்தின் முதல் பாதி. கையில் பிடிக்கிற பாதித் துண்டுக்கு ‘பொவுஃப்கா’. கணக்கு வகுப்பில் கரும்பலகையில் 1/2 என்று எழுதிப் படிக்கும்போது ‘யெத்னா த்ருகா’, அதாவது ‘இரண்டாம் பங்கு ஒன்று’. ஆக, செயலியில் ‘வட்டத்தில் பாதிக்கு வண்ணம் தீட்டு’ என்ற வரிக்கு ஒரு ‘ஹாஃப்’, பக்கத்திலேயே பின்னத்தைப் படிக்கும் குரலுக்கு இன்னொரு ‘ஹாஃப்’.

அந்த வரியில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘சர்க்கிள்’ என்பதற்குப் போலிஷ் கணக்கில் இரண்டு சொல்: கோடு மட்டும் என்றால் ‘ஒக்ரோங்’, உள்ளே நிறைந்த தட்டு என்றால் ‘கோவோ’. வண்ணம் தீட்ட வேண்டியது கோவோவுக்கு. ஒக்ரோங் என்று போட்டால் பிள்ளை கோட்டின் மேல் மட்டும் பென்சில் ஓட்டலாம், அதில் தப்பில்லை.

அப்புறம் ஒன்றரை. ஆங்கிலத்தின் ‘ஒன் அண்ட் எ ஹாஃப்’ சொல்லுக்குச் சொல் போனால் ‘யெதென் இ புவ்’ ஆகும். புரியும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஒன்றரைக்கு நம்மைப் போலவே அவர்களுக்கும் ஒற்றைச் சொல் இருக்கிறது: ‘புவ்தோரா’. உள்ளே பிரித்துப் பார்த்தால் கணக்கு நம்முடையதுக்கு நேர் எதிர். நாம் ஒன்றோடு அரையைக் கூட்டுகிறோம். அவர்கள் இரண்டாவதில் பாதி என்கிறார்கள். முதலாவது முழுசாக வந்துவிட்டது என்பது சொல்லாமலே தெரிந்ததாம். இரண்டாவது என்பதற்கு இப்போது ‘த்ருகி’. பழைய சொல் ‘ஃப்துரி’. புவ்தோராவின் பின்பாதி அந்தப் பழைய சொல்தான். இன்று செவ்வாய். போலிஷில் ‘ஃப்தோரெக்’, வாரத்தின் இரண்டாம் நாள், அதே வேர். இரண்டரைக்கும் மூன்றரைக்கும்கூட இதே முறையில் சொற்கள் இருந்தன. அவை வழக்கொழிந்து ஒன்றரை மட்டும் பிழைத்திருக்கிறது.

இதற்கும் பால் உண்டு. ஒன்றரை லிட்டர் ‘புவ்தோரா’, ஒன்றரை மணி நேரம் ‘புவ்தோரெய்’, ஏனென்றால் மணி பெண்பால். ஆண்டு ஆண்பால், ஆகவே ‘புவ்தோரா ரோக்கு’. ஆனால் தெருவில், அலுவலகத்தில், தொலைக்காட்சியில்கூட ‘புவ்தோரெய் ரோக்கு’ காதில் விழும். போலிஷ்காரர்கள் ஒருவரையொருவர் திருத்தி மகிழும் பிழைகளில் இதற்கு நல்ல இடம்.

6 மார்ச்

மணி சொல்வதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பிசகினால் சொல் மட்டும் இல்லை, நேரமும் பிசகும். பிரிட்டிஷ்காரர் பேச்சில் ‘ஹாஃப் டூ’ என்றால் இரண்டரை மணி. போலிஷில் ‘ஃப்புவ் தோ த்ருகியெய்’ என்றால், சொல்லுக்குச் சொல் ‘இரண்டாவதுக்கு அரை’, மணி ஒன்றரை. இரண்டிலும் அரை இருக்கிறது, இரண்டிலும் இரண்டு இருக்கிறது, நடுவில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. இங்கேயும் புவ்தோராவின் கணக்குதான்: இரண்டாம் மணி நேரம் பாதி ஓடியிருக்கிறது.

செயலியில் இதைத் தொடவே வேண்டாம். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி 13.30 என்று இலக்கத்தில் போட்டுவிடுங்கள். ஆனால் மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பாடம் என்றால் தப்பிக்க முடியாது. அதை மொழிபெயர்க்கக் கூடாது, போலிஷில் புதிதாக எழுத வேண்டும். கால் மணிக்கு ‘க்வாத்ரான்ஸ்’ என்று தனிச் சொல். கால் கிலோவுக்கு அந்தச் சொல் ஆகாது, அதற்கு ‘ச்வியெர்ச்’.

6 மார்ச், பிறகு

கால் கிலோ என்றதும் ஞாபகம் வருகிறது. இறைச்சிக் கடையில் வரிசையில் நின்று பாருங்கள். யாரும் 200 கிராம் கேட்பதில்லை. ‘இருபது டெக்கோ ஷின்கா’ என்பார்கள். டெக்கோ என்றால் பத்து கிராம், ஷின்கா என்றால் பன்றித்தொடை இறைச்சி. கடைக்காரப் பெண் இரண்டு மூன்று வில்லையைக் காகிதத்தில் போட்டுத் தராசில் வைத்து, ‘இருபத்திரண்டு வந்துவிட்டது, பரவாயில்லையா’ என்று கேட்பார். பரவாயில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வார்த்தைக் கணக்குப் பாடத்தில் ‘குவார்ட்டர் பவுண்ட் சீஸ்’ வந்தால் நாங்கள் பவுண்டைத் தூக்கிவிட்டு டெக்கோ போடுகிறோம், எண்ணையும் மாற்றுகிறோம். ஆங்கில மூலத்தின் விடை அப்படியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வாடிக்கையாளர் உண்டு. பெயர் வேண்டாம். நூற்றுப் பதிமூன்று புள்ளி நான்கு கிராம் சீஸ் கேட்கும் சிறுமி அவருடைய பாடத்தில் இன்னும் நிற்கிறாள்.

‘புவ் லித்ரா’, அரை லிட்டர், என்று மட்டும் சொன்னால் பால் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், வோட்கா என்றுதான் நினைப்பார்கள். பிள்ளைகளின் பாடத்தில் பாலா தண்ணீரா என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.

7 மார்ச்

நிரல் எழுதும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘ஒருமை, பன்மை இரண்டு வடிவம் கொடுத்தால் போதாதா?’

போதாது. ஒரு வயது ‘ரோக்’. இரண்டு, மூன்று, நான்கு வயது ‘லாத்தா’. ஐந்து வயது ‘லாத்’. பன்னிரண்டுக்கு ‘லாத்’, ஆனால் இருபத்திரண்டுக்குத் திரும்ப ‘லாத்தா’. இதுவரை மூன்று. பின்னம் வந்தால் நான்காவது வடிவம்: ஐந்தரை ஆண்டு என்றால் ‘ரோக்கு’, அதாவது ஒருமையின் ஆறாம் வேற்றுமை. ஐந்துக்கு ‘லாத்’, ஐந்தரைக்கு ‘ரோக்கு’. பெயர்ச்சொல்லைப் பிடித்து இழுப்பது அங்கே ஐந்து இல்லை, அரை. ‘ஆண்டில் பாதி’ என்று உள்ளே கேட்கிறது.

ஒவ்வொரு மொழியின் எண், தேதி, பன்மை விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிகோடின் சி.எல்.டி.ஆர். தரவைப் பார்த்தாலே தெரியும், போலிஷுக்கு நான்கு பன்மை வகை கொடுத்திருக்கிறார்கள். கடைசி வகை தசமப் பின்னங்களுக்கு. ஆங்கிலத்துக்கு இரண்டுதான். நிரலில் இரண்டு பெட்டி வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்று: 5.5 என்று புள்ளி வைக்காதீர்கள். போலிஷில் 5,5. புள்ளிக்கு அங்கே வேறு வேலை. ‘5.’ என்று எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் ‘ஐந்தாவது’. காற்புள்ளி இருந்தால் பின்னம், புள்ளி இருந்தால் வரிசை. தானியங்கி மாற்றத்தில் எங்களுக்கு வந்த கோப்பில் ‘1.5 மணி நேரம்’ என்று புள்ளியோடு இருந்தது. பக்கத்து மேசை ஆசிரியை அதை ‘முதலாவது, ஐந்து மணி நேரம்’ என்று உரக்கப் படித்துக் காட்டினார். சாயங்காலம் வரை சிரிப்பு அடங்கவில்லை.

7 மார்ச், இரவு

பின்னத்தின் உறுப்புகளுக்கு வருவோம். பின்னம் ‘உவாமெக்’, உடைத்தெடுத்த துண்டு. தொகுதி ‘லிச்னிக்’, எண்ணிக் காட்டுவது. வீட்டு மின்சார மீட்டருக்கும் அதே பெயர். பகுதி ‘மியானோவ்னிக்’, பெயர் சொல்வது. இலக்கணத்தில் முதல் வேற்றுமைக்கும் அதே பெயர்! ஆக நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு மொழிப் பாடத்திலும் மியானோவ்னிக், கணக்கிலும் மியானோவ்னிக். தேடி மாற்றும் வசதியை நம்பி ஆங்கிலத்திலிருந்து இரண்டு பாடத்தையும் ஒரே சொற்கோப்பில் ஓட்டினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தகா பின்னத்துக்கு ‘நியெவ்வாஷ்ச்சிவி’. முறைகேடான நடத்தைக்கும் அதே அடைமொழிதான். தமிழிலும் ‘தகா’ என்று எழுதி 7/4ஐக் குற்றவாளி ஆக்கியிருக்கிறோம், ஆகவே சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

2/3 ‘த்வியே ட்ஷெச்சே’, 5/6 ‘பியெஞ்ச் ஷுஸ்திஹ்’. தொகுதி ஐந்தைத் தொட்டதும் பகுதி வேறு வேற்றுமைக்குத் தாவும். விதி அப்படியே மேலே சொன்ன வயதுக் கணக்குதான்.

9 மார்ச்

ரேங்க். எல்லோரும் காத்திருந்தது இதற்குத்தான் போல, கேள்விகள் குவிகின்றன.

‘ரேங்க்’ என்று கேட்டால் போலிஷ் அகராதி கை விரித்துப் பல சொல்லை நீட்டும். ராணுவப் பதவி, வெப்பத்தின் பாகை, கல்விப் பட்டம், மாடிப்படி, சமன்பாட்டின் படி எல்லாம் ‘ஸ்தோப்பியென்’. புள்ளியியலில் ஸ்பியர்மன் கணக்கிடும் தரவரிசை ‘ரான்கா’. கணக்கில் வரும் அணிகளின் (மேட்ரிக்ஸ்) ரேங்க் ‘ஜோந்த்’. இயற்கணிதக் குலத்தின் (குரூப்) ‘ஆர்டர்’ என்று ஆங்கிலம் சொல்வதும் ‘ஜோந்த்’. ஆனால் சதுர அணியின் ‘ஆர்டர்’ என்றால் ‘ஸ்தோப்பியென்’. ஆங்கிலத்தின் ஒரே ‘ஆர்டர்’ இரண்டாகப் பிரிகிறது, அதில் ஒரு பாதி ஆங்கிலத்தின் ‘ரேங்க்’ போய் உட்காரும் அதே நாற்காலியில் உட்காருகிறது. கல்லூரிப் பாடத்தில் இந்த இடத்தைக் கணக்குப் படித்தவர் பார்க்காமல் விடக் கூடாது.

ஜோந்த் என்றால் முதலில் வரிசை. நாடகச் சீட்டில் ‘ஜோந்த் 5, மியெய்ஸ்ட்சே 12’ என்று இருக்கும், ஐந்தாம் வரிசை, பன்னிரண்டாம் இருக்கை. ஜோந்த் என்றால் அரசாங்கமும்கூட. எழுத்தும் ஒன்று, ஒலிப்பும் ஒன்று. ஆனால் ஆறாம் வேற்றுமையில் பிரிந்துபோகும்: வரிசையுடைய ‘ஜெந்து’, அரசாங்கத்துடைய ‘ஜோந்து’. ‘இரண்டாம் வரிசைச் சமன்பாடு’ என்று எழுதப் போய் ஒரு எழுத்து மாறினால் ‘இரண்டாம் அரசாங்கத்துச் சமன்பாடு’. எழுத்துப் பிழை தேடும் கருவி இதைக் கண்டுகொள்ளாது, இரண்டுமே சரியான சொற்கள்.

இந்த வேரிலிருந்து கிளைத்தவற்றைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. ‘முதல் வரிசையைச் சேர்ந்த’ என்றால் உயர்தரம். ‘இரண்டாம் வரிசையைச் சேர்ந்த’ என்றால் முக்கியமில்லாதது. ‘கீழ்வரிசை’ என்றால் இலக்கணத்தில் சார்பு வாக்கியம், ஊரில் மூட்டைப்பூச்சி விடுதி. புவியியலில் மூன்றாம் காலம் ‘ட்ஷெச்சோஜெந்த்’, பனியுகம் வந்த நான்காம் காலம் ‘ச்வார்த்தோஜெந்த்’. பனியுகத்துக்கும் விடுதிக்கும் ஒரே வேர்.

அதோடு ‘நியெஜோந்த்’. எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் ‘வரிசையற்றது’ என்று வரும் என நினைத்தால் தொலைந்தீர்கள். அதற்கு இன்று பாலியல் தொழில் என்று பொருள். முன்பு ஒழுங்கின்மை, ஆளுகையின்மை. ‘போலந்து ஒழுங்கின்மையால் நிலைத்து நிற்கிறது’ என்பது பிரபுக்கள் குடியரசுக் காலத்துப் புகழ்பெற்ற வாசகம். இன்றைய பொருளோடு படிக்கும் பள்ளி மாணவன் வரலாற்று வகுப்பில் விழித்துக்கொள்வான்.

9 மார்ச், இரவு

ராணுவ ரேங்க் கேட்டவருக்கு: ‘செகண்ட் லெப்டினன்ட்’ என்பதில் இருக்கும் ‘செகண்ட்’ஐத் தேடாதீர்கள், கிடைக்காது. ‘போத்போருச்னிக்’, ‘கீழ் லெப்டினன்ட்’ என்பார்கள். கர்னலுக்கு அடுத்த கீழ்ப்படியும் அப்படியே ‘கீழ்’ என்ற முன்னொட்டோடுதான். கடைநிலைச் சிப்பாய் ‘ஷெரெகோவி’, வரிசையில் நிற்பவன். இந்த வரிசை ஜோந்த் இல்லை, ‘ஷெரெக்’. ஆங்கிலத்தில் ‘ரேங்க்’ என்பதும் அணிவகுப்பில் பக்கத்தில் பக்கமாக நிற்கும் வரிசையைக் குறிக்கும். ஆக ஆங்கிலம் மேலே போனவனுக்கு வைத்த பெயரைப் போலிஷ் கீழே நின்றவனுக்கு வைத்திருக்கிறது.

11 மார்ச்

கால்பந்து ரசிகர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். கால் இறுதி, அரை இறுதி போலிஷிலும் உண்டு: ‘ச்வியெர்ச்ஃபினாவ்’, ‘புவ்ஃபினாவ்’. அதற்கு முந்தைய சுற்றை ஆங்கிலம் ‘ரவுண்ட் ஆஃப் சிக்ஸ்டீன்’ என்கிறது, அணிகளை எண்ணுகிறது. போலிஷ் பின்னத்தை விடுவதாயில்லை: ‘யெத்னா உஸ்மா ஃபினாவு’, இறுதியின் எட்டில் ஒரு பங்கு. எண்ணப்படுவது ஆட்டம். எட்டு ஆட்டம், பதினாறு அணி. 2022 உலகக் கோப்பையில் போலந்து பிரான்சிடம் 3-1 என்று தோற்றது இந்தச் சுற்றில்.

கண்ணி எங்கே என்றால், பதினாறைப் பார்த்ததும் கை தானாக 1/16 என்று எழுதும். 1/16 இறுதி என்றால் 32 அணிகள் ஆடும் சுற்று. ஒரு சுற்றுப் பின்னால் போய்விடுவீர்கள். போலிஷ் வாசகர் அந்தச் செய்தியை எழுதியவருக்குக் கால்பந்தும் தெரியாது, கணக்கும் தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

12 மார்ச்

ஈக்வல். முதலில் வரிசையும் சமமும் சேரும் இடம். இரண்டாம் இடத்தை இருவர் பகிர்ந்துகொண்டால் ஆங்கிலத்தில் ‘டைட் ஃபார் செகண்ட்’. அதற்குப் போலிஷ்காரர்கள் லத்தீனுக்கு ஓடுவார்கள்: ‘எக்ஸ் ஏக்வோ’. பள்ளி ஓவியப் போட்டிச் சான்றிதழில்கூட இருக்கும், பத்து வயதுப் பிள்ளை சர்வசாதாரணமாகச் சொல்லும்.

வார்சாவில் நடக்கும் ஷோபன் பியானோப் போட்டியில் இதை நன்றாகப் பார்க்கலாம். 2021இல் இரண்டாம் பரிசு எக்ஸ் ஏக்வோ: அலெக்ஸாண்டர் காஜியேவும் க்யோஹெய் சொரிதாவும். விளையாட்டுப் பட்டியல் என்றால் அடுத்தவர் நான்காவது. இங்கே இல்லை, மார்டின் கார்சியா கார்சியா மூன்றாவது. நான்காவதும் எக்ஸ் ஏக்வோ: ஐமி கோபயாஷி, யாகுப் குஷ்லிக். 2005இல் இன்னும் விசித்திரம். முதல் பரிசு கொடுத்தார்கள், இரண்டாம் பரிசை யாருக்கும் கொடுக்கவில்லை, மூன்றாவதை லிம் சகோதரர்கள் இருவருக்கும் எக்ஸ் ஏக்வோவாகக் கொடுத்தார்கள். அங்கே இடம் என்பது முன்னால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இல்லை, நடுவர்கள் போட்ட மதிப்பு. செயலியில் தரவரிசைப் பலகை வைக்கிறீர்கள் என்றால், சமநிலைக்குப் பின்னால் எண் தாவுமா தாவாதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சொல் பிறகு.

13 மார்ச்

‘ருவ்னி’ என்றால் சமம். சமதளமும் அதுதான், ஒழுங்கும் அதுதான். ‘ருவ்னி ஆள்’ என்றால் பந்தா இல்லாத நல்ல மனிதர். இந்த வேரில் சமன்பாடு, பூமத்திய ரேகை, சமவெளி, சமநிலை எல்லாம் பிறந்திருக்கின்றன. இணைகோடு ‘சமமாகக் கிடப்பது’. சமபக்க முக்கோணம் ‘சமப்பக்கம்’, இருசமபக்க முக்கோணம் ‘சமக்கை’. சாய்தளத்துக்கும் இதே வேர்தான்: ‘ருவ்னியா போஹிவா’, சாய்ந்த சமதளம்! சாய்ந்தபின் என்ன சமம் என்று கேட்காதீர்கள், இயற்பியல் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு தவறு அடுத்த தவறுக்கு இழுத்துச் செல்லும் சரிவு என்று ஆங்கில அரசியல் கட்டுரையில் வந்தால் அதற்கும் இதுவே.

ஆனால் ‘ஈக்வல் ட்ரயாங்கிள்ஸ்’ என்று பழைய ஆங்கிலப் பாடத்தில் வந்தால் ருவ்னியைப் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். பரப்பளவு சமமா, ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமா? பொருந்தினால் ‘ப்ஷிஸ்தயோன்ட்செ’. அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ‘ப்ஷிஸ்தொய்னி’ என்றால் அழகன். அழகான முக்கோணங்கள் ஒரு வரைவில் எங்களிடம் வந்து சேர்ந்தன.

உரிமை என்று வந்தால் பேச்சே வேறு. சமத்துவம் ‘ருவ்னோஷ்ச்’, வார்சாவில் 2001இல் தொடங்கிய சமத்துவப் பேரணியின் பெயரில் இருப்பது இது. ஆண் பெண் சம உரிமை என்றால் நாக்கைச் சுருட்டும் ‘ருவ்னோ-உப்ரவ்நியேனியே’. சமூக ஏற்றத்தாழ்வுக்கும் கணக்கில் வரும் சமனிலிக்கும் ஒரே சொல், ‘நியெருவ்னோஷ்ச்’. ஆனால் சமூகத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பன்மையில் வரும். ஒருமையில் தனியாகப் போட்டால் x > 3 ஞாபகம் வரும்.

13 மார்ச், இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, அதைச் சொல்லாமல் தூக்கம் வராது. 1997 அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அங்கே ‘சமம்’ ஆண்கள் கூட்டத்துக்கான பன்மை வடிவத்தில் இருக்கிறது. ஒரே ஓர் ஆண் இருந்தாலும் கூட்டத்துக்கு அந்த வடிவம்தான். பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டத்துக்கு வேறு வடிவம். கோணங்களுக்கும் மேசைகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் எந்த வடிவமோ அதே வடிவம். ‘பெண்கள் சமம்’ என்றாலும் ‘கோணங்கள் சமம்’ என்றாலும் இலக்கணத்துக்கு ஒன்றுதான். சமம் என்ற சொல்லே சமமாக விகுதி ஏற்காத மொழி இது. பக்கத்து மேசை ஆசிரியையிடம் சொன்னேன். ‘இதை இப்போதுதான் கவனித்தாயா’ என்றார், அவ்வளவுதான்.

பழமொழி ஒன்றும் உண்டு: ‘ஷ்லாஹ்சிட்ஸ் நா ஸக்ரோஜே ருவ்னி வொயெவோஜே’. துண்டு நிலம் வைத்திருக்கும் பிரபுவும் மாகாண ஆளுநருக்குச் சமம். இயைபு அழகு. பிரபு வகுப்புக்குள் மட்டும்தான் அந்தச் சமம். நிலத்தை உழுதவன் கணக்கிலேயே இல்லை.

15 மார்ச்

சட்ட ஆவணம் பார்ப்பவர் கேட்டதற்குச் சுருக்கமாக. நாடாளுமன்றத்தின் கீழவையில் 460 பேர். குடியரசுத் தலைவரின் மறுப்பைத் தாண்ட 3/5, அரசியலமைப்பைத் திருத்த 2/3. இரண்டிலும் உறுப்பினர்களில் பாதிப்பேராவது அவையில் இருக்க வேண்டும். அறுதிப் பெரும்பான்மையைச் செய்திகளில் ‘ஐம்பது சதவீதம் கூட்டல் ஒன்று’ என்பார்கள். 459 பேர் வாக்களித்தால் அந்தக் கணக்கில் 230.5, ஆக 231 வேண்டும். உண்மையில் எதிர்த்தவர்களையும் நடுநிலை வகித்தவர்களையும் சேர்த்ததை விட ஒன்று கூடினால் போதும், அது 230. அந்த ஒரு வாக்கில் அரசாங்கம் கவிழலாம். அரசாங்கம், ஜோந்து. வரிசை, ஜெந்து. மறக்காதீர்கள்.

இன்னும் இரண்டு. ‘ஒன் இன் ஃபைவ்’ என்றால் பின்னத்தை எடுக்காதீர்கள், ‘ட்சோ பியோந்தி’, ‘ஒவ்வோர் ஐந்தாவதும்’ என்பதுதான் இயல்பு. ‘பில்லியன்’ என்றால் ‘மிலியார்த்’. போலிஷ் ‘பிலியோன்’ ஆயிரம் மடங்கு பெரியது. ‘பில்லியனில் ஒரு பங்கு’ என்று மாசு அளவு வந்தாலும் இதே எச்சரிக்கை.

16 மார்ச்

குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிய எச்சரிக்கை வரி ஒன்றை அனுப்பியிருக்கிறீர்கள். 0.08 சதவீதம் என்று அப்படியே விட முடியாது. போலந்தில் இரத்த மதுவைச் சதவீதத்தில் சொல்வதில்லை, ஆயிரத்தில் சொல்வார்கள், ‘ப்ரோமில்’. 0.08 சதவீதம் 0,8 ப்ரோமில். அந்த எண்ணையும் விட்டுவைக்கக் கூடாது, ஏனென்றால் அது வேறு நாட்டு வரம்பு. இங்கே 0,2 தொடங்கியே தண்டனை, 0,5க்கு மேலே போனால் குற்றவியல் வழக்கு.

18 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ‘சரி, அட்டவணையே வேண்டாமா’ என்கிறார். வேண்டும். இன்னும் மூன்று பத்தி சேருங்கள். ஒன்றில் எதன் பின்னம் அல்லது எதன் வரிசை என்று மறைந்திருக்கும் பெயர்ச்சொல்: பங்கு, நாள், மணி, இடம், அணி. இன்னொன்றில் இது பிள்ளை வாயால் படிப்பதா, திரையில் பார்ப்பதா. கடைசியில் அந்தச் சொல் வரும் செயலித் திரையின் படத்தை ஒட்ட இடம். மொழிபெயர்ப்பாளர் கேட்கும் கேள்வியில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும். மீதிக்கு அவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசுங்கள்.

நீங்கள் கடைசியாக அனுப்பிய ‘ஹாஃப் ஆஃப்’ விளம்பரப் பட்டைக்கு: ‘ஓ பொவோவெ தானியெய்’, பாதி மலிவு. ‘புவ்’ மட்டும் தனியாக வேண்டாம்.